வியாழக்கிழமை ஓவன் வான்கோழிக்கு

கேள்வி: மருமகன் அமெரிக்கர். அவருடைய அக்கா வீட்டில் தேங்க்ஸ்கிவிங் (அமெரிக்கர்களின் நன்றிகூறும் நாள்) விருந்து, பன்னிரண்டு பேர். இனிப்பு என் மகள் பொறுப்பு. "அன்று காலை அவங்க வீட்டிலேயே பூசணிக்காய் பை சுட்டுக்கறேன்" என்கிறாள் (மாவுத்தட்டில் பூரணம் ஊற்றிச் சுடும் இனிப்புதான் இந்தப் 'பை'). சரிவருமா? அந்த நாளின் தேதி ஏன் வருஷா வருஷம் மாறுகிறது? – வாசகி, தஞ்சாவூர்

பதில்: நவம்பரின் நான்காவது வியாழன் என்பது 1941-இல் போட்ட சட்டம், அதனால்தான் தேதி மாறுகிறது. 1939-இல் அதிபர் ரூஸ்வெல்ட், கிறிஸ்துமஸ் வியாபார நாட்கள் கூடட்டும் என்று, கடைக்காரர்களுக்காக விருந்தை ஒரு வாரம் முன்னே தள்ளப்போய், மாநிலங்கள் இரண்டாகப் பிரிந்து கொண்டாடின. அந்தக் குழப்பத்துக்கு முடிவுதான் இந்தச் சட்டம்.

என்னைத் தூக்கிவாரிப் போட்டது, மகள் சொன்ன 'அன்று காலை'. அன்று காலை அந்த வீட்டில் ஓவன் யாருக்கும் கிடைக்காது. 14 பவுண்டு வான்கோழி, 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில், நான்கு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக உள்ளே கிடக்கும். தொடையின் தடித்த இடத்தில் 165 டிகிரி காட்டும்வரை எடுக்க மாட்டார்கள். எடுத்து அது ஆறும் அரைமணியில் ஸ்டஃபிங் (மசாலா சேர்த்த ரொட்டித்துண்டுக் கலவை), சர்க்கரைவள்ளி, ரொட்டி என்று அடுத்த வரிசை உள்ளே போய்விடும். அந்த நேரத்தில் ஓவன் கேட்பது, பந்தி பரிமாறும்போது கல்யாணச் சமையற்காரரிடம் அடுப்பு கேட்பது போல.

அதோடு, பூசணி பையைச் சூடாக வெட்டவே கூடாது. முட்டையும் பாலும் உறைந்து நிற்கிற பண்டம். கம்பித்தட்டில் 2 மணி நேரமாவது ஆறினால்தான் துண்டு குலையாமல் வரும். புதன்கிழமையே சுட்டு ஃபிரிட்ஜில் வைக்கட்டும். சூடு அடங்குமுன் மூடினால் மேலே தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

'சர்க்கரை தேவையான அளவு' என்று சமையல் குறிப்பு எழுதுகிறவர்களோடு இந்தப் பக்கத்துக்கு நெடுநாள் சண்டை. பை விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே முடியாது. ஆகவே, 9 அங்குல ஆழத்தட்டு ஒன்றுக்கு: பூசணி விழுது 15 அவுன்ஸ், அதாவது 425 கிராம் டப்பா ஒன்று, எவாப்பரேட்டட் மில்க் (சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த பால்) 12 அவுன்ஸ் டப்பா ஒன்று, முட்டை 2, சர்க்கரை முக்கால் கப், பட்டைத்தூள் 1 டீஸ்பூன், சுக்குத்தூளும் உப்பும் அரையரை, கிராம்புத்தூள் கால். 425 டிகிரியில் 15 நிமிடம், பிறகு 350-க்கு இறக்கி 40 முதல் 50 நிமிடம்.

கண்டென்ஸ்டு மில்க் டப்பாவை மாற்றி எடுத்துவிட்டால் எல்லாம் திகட்டிப்போகும். 'பை மிக்ஸ்' என்று எழுதிய பூசணி டப்பாவும் வேண்டாம், அதில் ஏற்கெனவே சர்க்கரை உண்டு. தட்டை அசைத்தால் நடுவில் இரண்டங்குலம் மட்டும் லேசாக ஆடும்போதே வெளியே எடுக்க வேண்டும். உள்ளிருக்கும் சூடே மிச்சத்தை வேகவைக்கும். முழுக்க உறையட்டும் என்று விட்டால் முட்டை இறுகி நடுவில் விரிசல் விழும். அடிமாவு நமுக்காமலிருக்க, பூரணம் ஊற்றுமுன் மாவின் மேல் சூடு தாங்கும் பார்ச்மென்ட் தாள் விரித்து, எடைக்கு அரிசியோ பருப்போ கொட்டி, அரைப்பதமாகச் சுட்டு, தாளோடு அவற்றை எடுத்துவிடட்டும்.

ஹாலோவீன் பண்டிகைக்குக் குடைகிற பூசணி இதற்கு ஆகாது, அது நாரும் தண்ணீரும்தான். இல்லினாய் மாநிலத்து மார்ட்டனில் லிபிஸ் நிறுவனத்து ஆலை டப்பாவில் அடைப்பது டிக்கின்சன் என்ற வெளிர்தோல் ரகம். தாவரவியலில் அதுவும், உங்கள் ஊரில் பொங்கலன்று குழம்புக்குப் போடும் பரங்கிக்காயும் ஒரே இனம்: குக்கர்பிட்டா மாஸ்கேட்டா. பரங்கியை வேகவைத்து மசித்தும் செய்யலாம், ஆனால் வாணலியில் கிளறி நீரைச் சுண்டவிட வேண்டும். நீர் நின்றால் பை உறையாது.

பன்னிரண்டு பேருக்கு ஒரு பை போதாது. அதில் எட்டுத் துண்டுதான். இரண்டாவது ஆப்பிள் பையாக இருக்கட்டும். ஆப்பிளில் கிரானி ஸ்மித் ரகம் நல்லது, மெக்கின்டாஷ் ரகம் குழைந்துபோகும். முட்டையும் பாலும் உள்ள பூசணி பையை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபின் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. ஆப்பிள் பை மேசையிலேயே இருக்கலாம், அன்றைக்கு அவர்கள் ஃபிரிட்ஜிலும் இடம் இருக்காது. பாயசம் வேண்டாம், நேரமாக ஆக இறுகும், சூடுபண்ண அடுப்பு கேட்கும். பீகன் என்ற கொட்டை போட்ட பை செய்வதானால் யாருக்காவது கொட்டைப் பருப்பு ஒவ்வாதா என்று அக்காவிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளட்டும். விருந்தில் சைவர்கள் இருந்தால், கடை மாவுத்தட்டின் லேபிளைப் படித்துவிட்டு வாங்கட்டும். சிலவற்றில் பன்றிக்கொழுப்பு சேர்க்கிறார்கள்.