சின்ன ஆர்.சி. (ரிமோட்) காரை டிரிஃப்ட் ஓட்ட முதலில் எதை மாற்ற வேண்டும்?

நீங்கள் கேட்டது இது. நிஜக் காரில் 28-இல் ஒரு பங்கு (1/28) அளவில் நான்கு சக்கர டிரைவ் கார் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். வளைவில் டிரிஃப்ட் பண்ண, அதாவது சக்கரங்களை வழுக்கவிட்டுக் காரைப் பக்கவாட்டாக ஓட்டப் பார்த்தால், ஒன்று மூக்கை நீட்டிக்கொண்டு நேராகப் போய்ச் சுவரில் இடிக்கிறது, இல்லாவிட்டால் பம்பரம் மாதிரி சுற்றி நின்றுவிடுகிறது. பெரிய மோட்டார் போட்டால் சரியாகுமா, பெங்களூரில் பாகங்கள் எங்கே கிடைக்கும்?

மோட்டாரை மாற்ற வேண்டாம். என் முதல் காரில் நான் அதைத்தான் செய்தேன், இரண்டு மாதம் வீணாகப் போனது. கார் இன்னும் வேகமாகச் சுவரில் இடித்தது, அவ்வளவுதான். டிரிஃப்ட்டுக்கு வேண்டியது பிடிப்பின் கணக்கு: முன் சக்கரம் தரையை எவ்வளவு பிடிக்கிறது, பின் சக்கரம் எவ்வளவு பிடிக்கிறது. பெட்டியில் வந்த மோட்டாரே அந்தக் கணக்குக்குப் போதும்.

நான் பீனியாவில் ஒரு லேத் பட்டறையில் வேலை செய்கிறேன், வீடு ஸ்ரீராமபுரத்தில். ஓட்டுவது டபிள்யூ.எல்.டாய்ஸ் கே969. உங்களுடையது வேறு கம்பெனியாக இருந்தாலும் இந்த அளவுக் கார்களில் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் தரை. எங்கள் வீடு பழைய வீடு, ஹாலில் ரெட் ஆக்சைடு தரை. இணைப்புக் கோடே இல்லாமல் ஒரே பரப்பாக இருப்பதால் சின்னக் காருக்கு அதைவிட நல்ல இடம் நான் பார்த்ததில்லை. விட்ரிஃபைடு டைல்ஸ் பரவாயில்லை, ஆனால் இரண்டு டைலுக்கு நடுவில் உள்ள கோட்டில் டயரின் ஓரம் மாட்டினால் கார் துள்ளும். அபார்ட்மென்ட் பேஸ்மென்ட்டில் மெருகேற்றிய கான்கிரீட் இருந்தால் அதுவும் நல்லது, பெருக்கிவிட்டு ஓட்டுங்கள். தரை மாறினால் செட்டிங் எல்லாம் மாறும் என்பதை நான் ஒரு தீபாவளிக்கு முன் கற்றுக்கொண்டேன். அம்மா தரைக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடைத்திருந்தார். அடுத்த ஒரு வாரம் கார் ஐஸ் மேல் வைத்ததுபோல வழுக்கியது. நான் காரில்தான் கோளாறு என்று நினைத்து ஒவ்வொரு ஸ்க்ரூவாகக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதனால் ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஈரத்துணியால் துடைத்து, முழுதாகக் காய்ந்தபின் ஓட்டுங்கள்.

அடுத்தது டயர். என் அனுபவத்தில் முக்கால்வாசி வேலை இங்கேதான் இருக்கிறது. ரப்பர் டயர் வீட்டுத் தரையை விடாமல் பிடிக்கும். வழுக்க வைக்க வேண்டுமென்றால் ஏகப்பட்ட வேகம் வேண்டும், ஹாலில் அதற்கு இடம் கிடையாது. ஆகவே கடினமான பிளாஸ்டிக் வளையம் வேண்டும். பெரிய 1/10 கார்களில் ஆரம்ப காலத்தில் பி.வி.சி. பைப்பை வளையமாக வெட்டி மாட்டித்தான் ஓட்டினார்கள். நீங்களும் அதிலிருந்து தொடங்கலாம். மின்சார வயரிங்குக்கு வாங்கும் 25 மி.மீ. கண்ட்யூட் பைப் ஒரு துண்டு எடுங்கள். அந்த 25 வெளிவிட்டம், உள்விட்டம் பைப்பின் கனத்தைப் பொறுத்து 21, 22 வரும். ரிம் மேல் இன்சுலேஷன் டேப்பைச் சீராகச் சுற்றினால் இறுக்கமாக ஏறிவிடும். 8 மி.மீ. அகலத்தில் நான்கு வளையம், ஹேக்ஸாவில் நேராக அறுத்து, ஓரத்தை 400 நம்பர் உப்புத்தாளில் தேய்த்து லேசாக உருட்டிவிடுங்கள். கூர்மையான ஓரம்தான் டைல் கோட்டில் மாட்டுகிறது.

நான் பைப்பில் தொடங்கி டெல்ரின் என்ற கடினமான பிளாஸ்டிக்குக்குப் போனேன். பட்டறையில் மிச்சமான டெல்ரின் ராடு எப்போதும் கிடக்கும். முதல் முறை போர் (உள்துளை) எடுத்துவிட்டுக் கழற்றி, திருப்பி மாட்டி வெளிப்புறம் கடைந்தேன். காரில் போட்டால் நடுங்கியது. எங்கள் ஃபோர்மேன், தர்மபுரிக்காரர், கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, போரும் வெளிவிட்டமும் ஒரே பிடியில எடு. கழட்டி மாட்டுனா ஆட்டம் வரத்தான் செய்யும். கடைசியா பார்ட்டிங் போட்டு வெட்டிக்கோ" என்றார். அப்படிச் செய்ததும் நடுக்கம் போய்விட்டது. என் ரிம் 20 மி.மீ., போரை 19.85-இல் வைத்தேன். டெல்ரினில் சாதாரணப் பசை ஒட்டாது, அதனால் இறுக்கத்தில்தான் நிற்க வேண்டும். வெந்நீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்தால் ரிம் மேல் சுலபமாக ஏறும். நான்கும் ஒரே வெளிவிட்டம் இருக்கிறதா என்று வெர்னியரில் பாருங்கள். இடது வலது வித்தியாசம் இருந்தால் கார் ஒரு பக்கம் இழுக்கும், நீங்கள் ரிமோட்டில் ஸ்டீயரிங்கை நேராக்கும் டிரிம்மைத் திருகிக்கொண்டே இருப்பீர்கள்.

புது வளையம் பளபளப்பாக இருக்கும்வரை பிடிப்பு ஒரே மாதிரி இருக்காது. ஒரு பேட்டரி தீரும்வரை சும்மா வட்டமடித்து மேற்பரப்பு மங்கியபின்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும்.

பிறகு பின் டிஃபரன்ஷியல். வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடுவது அதன் வேலை. டிரிஃப்ட்டில் அது கெடுதல். எடை குறைவாக விழும் உள்சக்கரம் வெறுமனே சுற்றும், வெளிச்சக்கரத்துக்குச் சக்தி போகாது, வால் ஒரு நேரம் வெளியே வரும், ஒரு நேரம் வராது. பூட்டிவிட்டால் இரண்டும் சேர்ந்து வழுக்கும். கியர்களுக்கு நடுவில் ஹாட் குளூவை நிரப்பினேன். எம்-சீல் போட்டால் இன்னும் உறுதி, ஆனால் திரும்பப் பிரிக்க முடியாது. முன் டிஃபரன்ஷியலை இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

இதுவரை செய்தாலே உங்கள் கார் நான்கு சக்கரமும் வழுக்கி அழகாக வளையும். ஆனால் ஒன்றைக் கவனிப்பீர்கள்: முன் சக்கரம் வளைவின் உள்பக்கமே பார்த்திருக்கும். நிஜ டிரிஃப்ட்டில் அது எதிர்ப்பக்கம் திரும்பியிருக்க வேண்டும். எழுபதுகளில் ஜப்பானியப் பந்தய வீரர் குனிமிட்சு தகாஹாஷி பந்தயப் பாதையில் காட்டி, பிறகு கெய்ச்சி சுச்சியா ஜப்பான் மலைப்பாதைகளில் பழகிப் பிரபலமாக்கிய அந்தக் கலையின் அழகே அந்த எதிர்த்திருப்பம்தான். முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றும் காரில் முன் சக்கரங்கள் காரை இழுத்து நேராக்கிவிடும், எதிர்த்திருப்பத்துக்குத் தேவையே வராது. பின் சக்கரம் முன்னதைவிட வேகமாகச் சுற்றும்படி கியர் மாற்றுவது ஒரு வழி. முன் டிரைவ் ஷாஃப்டைக் கழற்றிப் பின் சக்கர டிரைவ் ஆக்குவது இன்னொரு வழி. எனக்குப் பிடித்தது இரண்டாவது. ஆனால் அதற்கு, கார் சுழல்வதை உணரும் ஜைரோ என்ற சின்னக் கருவி வேண்டும்.

ஏன் வேண்டும் என்று பலர் கேட்கிறார்கள், ஜைரோ போடுவது ஏமாற்று என்றுகூடச் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. டிரிஃப்ட்டுக்குப் பேர்போன டொயோட்டா ஏ.ஈ.86 காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2400 மி.மீ. அதை 28-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 86 மி.மீ. உராய்வுதான் காரைச் சுழற்றுகிறது. காரின் நீளம் குறையக் குறைய, அதே உராய்வில் அது சுழலும் வேகம் ஏறுகிறது. கணக்குப் போட்டால், சுழல எடுக்கும் காலம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்துக் குறையும். 28-இன் வர்க்கமூலம் ஏறக்குறைய 5.3. பெரிய கார் ஒரு விநாடியில் வாலைச் சுழற்றினால் உங்கள் கார் ஐந்தில் ஒரு விநாடிக்குள் சுழற்றிவிடும். மனிதக் கண் பார்த்து, விரல் அசைய எடுக்கும் நேரமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். நீங்கள் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது கார் ஏற்கெனவே பின்பக்கம் பார்த்து நிற்கிறது. கை பழகவில்லை என்று நினைத்து மனம் தளராதீர்கள். ஜைரோ அந்தச் சுழற்சியை உணர்ந்து முன் சக்கரத்தை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும். எந்தக் கோணத்தில் போவது, த்ராட்டிலை (வேக விசையை) எங்கே விடுவது என்பதெல்லாம் உங்கள் கையில்தான் இருக்கும்.

இங்கே ஒரு சிக்கல். கே969 மாதிரியான கார்களில் ரிமோட்டின் சிக்னலை வாங்கும் ரிசீவரும் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யும் ஒரே போர்டு, ஸ்டீயரிங்கைத் திருப்பும் சர்வோவுக்கு ஐந்து வயர் போகிறது. கடையில் கிடைக்கும் ஜைரோ மூன்று வயர் சர்வோவுக்கானது. ஆக ஜைரோ மட்டும் வாங்கினால் மாட்ட முடியாது. சின்ன மூன்று வயர் சர்வோ, தனி ஈ.எஸ்.சி., ரிசீவர், அதற்கேற்ற ரிமோட் என்று எல்லாமே மாற வேண்டும். ரிசீவருக்குள்ளேயே ஜைரோ வைத்து வருவதும் உண்டு, டம்போ ஆர்.சி.யின் எக்ஸ்6எஃப்ஜி அப்படிப்பட்டது. இடம் மிச்சமாகும் என்பதால் இந்த அளவுக்கு அது வசதி. இந்தச் செலவுக்கு இப்போதே தயாரில்லை என்றால் நான்கு சக்கர டிரைவிலேயே ஆறு மாதம் ஓட்டுங்கள், ஒன்றும் குறையாது.

ஜைரோ போட்டவுடன் காரைத் தரையில் விடாதீர்கள். முதலில் கெயினை, அதாவது ஜைரோ எவ்வளவு பலமாகத் திருப்ப வேண்டும் என்ற அளவை, பூஜ்யத்தில் வைத்து டிரிம்மைச் சரிசெய்யுங்கள். அப்புறம் கெயினைப் பாதிக்கு ஏற்றி, காரைக் கையில் தூக்கி மூக்கை வலப்பக்கம் வெடுக்கென்று திருப்புங்கள். முன் சக்கரங்கள் இடப்பக்கம் திரும்ப வேண்டும். வலப்பக்கமே திரும்பினால் ஜைரோ தலைகீழாக வேலை செய்கிறது, ரிவர்ஸ் செய்யுங்கள். தரையில் ஓட்டும்போது நேர்ப்பாதையில் முன் சக்கரம் படபடவென்று நடுங்கினால் கெயின் அதிகம். நடுக்கம் நிற்கும்வரை குறைத்து அங்கேயே விடுங்கள்.

ஸ்டீயரிங் கோணமும் போதாது. பெட்டியில் வந்தபடி இருந்தால் முப்பது டிகிரிகூடத் திரும்பாது. எதிர்த்திருப்பத்துக்கு அது பத்தாமல் போகும்போதுதான் கார் சுற்றிக்கொள்கிறது. முன் சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிள் எங்கே முட்டுகிறது என்று பார்த்து, அந்த இடத்தை ஊசி அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். 45 டிகிரி வந்தால் நன்றாக இருக்கும். டயர் பாடியிலோ சேஸிஸிலோ உரசக் கூடாது.

மற்றச் செட்டிங்குகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மூக்கு நேராகப் போனால் முன்னால் பிடிப்பு போதவில்லை, முன்பக்கம் இரண்டு மூன்று கிராம் ஈயத் துண்டு ஒட்டிப் பாருங்கள். வால் சட்டென்று சுற்றினால் பேட்டரியை முடிந்தவரை பின்னால் தள்ளுங்கள். முன் சக்கரத்துக்கு நெகட்டிவ் கேம்பரும் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது) சிறிது டோ அவுட்டும் (சக்கரத்தின் முன் ஓரம் வெளிப்பக்கம் பார்ப்பது) கொடுத்தால் எதிர்த்திருப்பத்தில் தடுமாறாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நான் ஒரு பழைய டைரியில் தேதி போட்டு எழுதி வைக்கிறேன், இல்லையென்றால் எது எதனால் நடந்தது என்று தெரியாது.

பாகங்களுக்கு எஸ்.பி. ரோடு. சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்தே போகலாம். வயர், கனெக்டர், சால்டரிங் சாமான், சின்ன மோட்டார், ஹாட் குளூ குச்சி எல்லாம் அங்கே கிடைக்கும், தமிழில் கேட்டாலும் பதில் சொல்வார்கள். நக்கிள், கியர் மாதிரி இந்தக் காருக்கே உரியவற்றை ஆன்லைனில்தான் நான் வரவழைக்கிறேன். பேட்டரி இரண்டு செல் லிப்போ (லித்தியம் பாலிமர்), ஒரு செல் 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடாதீர்கள். வாரக்கணக்கில் ஓட்டாமல் வைப்பதென்றால் செல்லுக்கு 3.8 வோல்ட்டில் வையுங்கள்.

பழகுவதற்கு இரண்டு காபி டம்ளர்களை ஒன்றரை மீட்டர் இடைவெளியில் கவிழ்த்து வையுங்கள். முதலில் ஒரே டம்ளரைச் சுற்றி இடவட்டம், பிறகு வலவட்டம், கடைசியில் எட்டுப் போடுங்கள். த்ராட்டிலை முழுதாக அழுத்தவும் வேண்டாம், முழுதாக விடவும் வேண்டாம், நடுவில் நூல் மாதிரி பிடியுங்கள். எங்கள் அக்கா மகன், ஒன்பது வயது, என்னைவிடச் சீக்கிரம் எட்டுப் போட்டான். அவன் காரைப் பார்க்காமல், கார் போக வேண்டிய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டயரை லேத்தில் கடைய விரும்பினால், ரிம்மின் வெளிவிட்டத்தை ஒரே ரிம்மில் இரண்டு திசையில் அளந்து இங்கே எழுதுங்கள். போர் எவ்வளவு வைக்க வேண்டும் என்று சொல்கிறேன்.