துடைப்பத்தையும் அவ்வப்போது உதற வேண்டும்

கணினியில் சேரும் வேண்டாத கோப்புகளைக் கூட்டித் தள்ளும் சிகிளீனர் மென்பொருள், திறக்கும்போதெல்லாம் புதிய பதிப்பை நிறுவச் சொல்கிறது. குப்பையைத்தான் ஒழுங்காகக் கூட்டுகிறதே, பழையதே போதாதா?

போதாது. பிரவுசர்கள் தங்கள் தற்காலிகக் கோப்புகளை வைக்கும் இடத்தையும் விதத்தையும் மாற்றிக்கொண்டே இருக்கின்றன. பழைய பதிப்பு காலி அறையைப் பெருக்கிவிட்டு "முடிந்தது" என்று சொல்லும். அதைவிட முக்கியமானது, இத்தகைய மென்பொருளுக்கு நிர்வாகி அனுமதி, அதாவது கணினியில் எதையும் மாற்றும் உரிமை, கொடுத்திருக்கிறீர்கள். வீட்டின் எல்லாச் சாவிகளும் அதன் கையில் இருக்கும்போது, அதில் ஓர் ஓட்டை இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்டேட் வழியாகவே வைரஸ் வரும் என்று அலுவலகத்தில் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

வந்திருக்கிறது, அதே சிகிளீனரில். 2017 ஆகஸ்ட் 15 அன்று வெளியான 5.33 பதிப்பில், அதைத் தயாரித்த பிரிஃபார்ம் நிறுவனத்தின் கணினிகளுக்குள் புகுந்திருந்தவர்கள் தீய நிரலைச் செருகிவிட்டார்கள். அதிகாரபூர்வ இணையதளம், முறையான டிஜிட்டல் கையொப்பம், எல்லாம் சரியாகவே இருந்தன. செப்டம்பரில் குட்டு வெளிப்படுவதற்குள் சுமார் 22.7 லட்சம் கணினிகளில் அது ஏறியிருந்தது. திருடர்களின் உண்மையான குறி பெரிய தொழில்நுட்ப நிறுவனங்கள். நம்மைப் போன்றவர்கள் வழியில் அகப்பட்டவர்கள்.

ஆனால் உங்கள் அலுவலக நண்பர்கள் கதையைப் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு மருந்தாக வந்ததும் ஓர் அப்டேட்தான்: 5.34 பதிப்பு. இலவசப் பதிப்பு அன்று தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது. அப்டேட்டுக்கு அஞ்சி ஒதுங்கியிருந்தவர்களில் 5.33இல் நின்றுவிட்டவர்கள்தான் நீண்ட நாள் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

விண்டோஸும் மென்பொருள்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேடான ரெஜிஸ்ட்ரியில் எண்ணூறு பிழைகள் என்று சிகிளீனர் காட்டுகிறது. சரிசெய்யலாமா?

வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை பிழைகளே அல்ல. எப்போதோ நீக்கிய மென்பொருள் விட்டுச்சென்ற வரிகள். அவை பிடிக்கும் இடம் சில கிலோபைட். அழித்தால் வேகம் கூடாது. ரெஜிஸ்ட்ரி துப்புரவு மென்பொருளை ஆதரிப்பதில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. நானும் ஒருமுறை ஆர்வக்கோளாறில் மாமாவின் கணினியில் "எல்லாவற்றையும் சரிசெய்" பொத்தானை அழுத்தினேன். பிறகு பிரிண்டர் வேலை செய்யவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போயிற்று. மாமா இன்றும் அந்தப் பேச்சை விடவில்லை.

இடம்தான் பிரச்சினை என்றால், விண்டோஸின் செட்டிங்ஸிலேயே, தேவையற்ற கோப்புகளைத் தானாக நீக்கும் ஸ்டோரேஜ் சென்ஸ் என்ற வசதி இருக்கிறது. அதைத் தனியாகப் புதுப்பிக்க வேண்டிய வேலையும் இல்லை. டவுன்லோட்ஸ் கோப்புறையைத் தொடலாமா என்பதை மட்டும் ஒருமுறை பார்த்து அமைத்துவிடுங்கள்.

டிரைவர்களை, அதாவது பிரிண்டர் போன்ற சாதனங்களை இயக்கும் நிரல்களை, புதுப்பிக்க ஒரு மென்பொருள் பணம் கேட்கிறது. கொடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். விண்டோஸ் அப்டேட்டும் மடிக்கணினி தயாரிப்பாளரின் தளமும் இலவசமாகவே தருகின்றன.

சுழலும் ஹார்டு டிஸ்குக்குப் பதிலாக, சுழலும் பாகமே இல்லாத எஸ்எஸ்டி போட்டிருக்கிறேன். சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃபிராக் செய்ய வேண்டுமா?

வேண்டாம். விண்டோஸே அது எஸ்எஸ்டி என்று அறிந்து, எந்த இடம் இனித் தேவையில்லை என்று அதற்குச் சொல்லும் டிரிம் கட்டளையை அனுப்பிவிடும். அந்தக் கால டிஃபிராக் மென்பொருள் எதையாவது இன்னும் வைத்திருந்தால் நீக்கிவிடுங்கள்.

விண்டோஸ் 10 கணினி, வயது ஒன்பது. பராமரிப்பு மென்பொருளை எல்லாம் புதுப்பித்தும் ஆமை போல் நகர்கிறது. என்ன செய்வது?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. தரையைத் துடைத்துத் துடைத்துக் கூரை ஒழுகுவதை நிறுத்த முடியாது. விண்டோஸ் 11, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், உங்களுடையதைப் போன்ற பழைய கணினிகளில் அந்த வசதி இருந்தாலும், அவற்றின் பிராசஸர் மைக்ரோசாஃப்ட் ஏற்கும் பட்டியலில் இடம்பெறாமல் போகலாம். அப்படியானால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை முயன்று பாருங்கள்; பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

உள்ளே இருப்பது இன்னும் சுழலும் ஹார்டு டிஸ்க்தானா? அப்படியென்றால் அதைக் கழற்றி ஓர் எஸ்எஸ்டி போடுங்கள். எந்தத் துப்புரவு மென்பொருளாலும் தர முடியாத வேகம் அதில் கிடைக்கும். கடைக்கு எடுத்துச் செல்லும் முன் புகைப்படங்களையும் கோப்புகளையும் வெளியே நகல் எடுத்துக்கொள்ளுங்கள்.