தினசரி வேலைக்கு எந்த சார்ஜ் டார்ச் லைட் வாங்கலாம்?

பல்லடம் பக்கம் போர்வெல் மோட்டார், ஸ்டார்ட்டர் பெட்டி வேலை பார்ப்பதாகச் சொல்லி, அதற்கு எந்த டார்ச் வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். அட்டையில் கொட்டை எழுத்தில் இருக்கும் லூமென் கணக்கை நம்பி மட்டும் வாங்காதீர்கள்ங்க. லூமென் மொத்த வெளிச்சம், எவ்வளவு தூரம் பாயும் என்பதைக் கேண்டெலாதான் சொல்லும். பெட்டிக்குள் பார்க்க 300 லூமென் பரவலாக விழுந்தாலே தாராளம், தோப்பின் மறுகோடி வரை பார்க்கவேண்டும் என்றால்தான் கேண்டெலா அதிகம் வேண்டும். 1000 லூமென் லைட்டும் சூடேறினால் தானாகவே குறைத்துக்கொள்ளும், அது பழுதில்லை.

உங்கள் வேலைக்கு நான் முதலில் பார்ப்பது சிஆர்ஐ, அதாவது நிறங்களை எவ்வளவு சரியாகக் காட்டுகிறது என்பதற்கு நூற்றுக்குப் போடும் மதிப்பெண். 90க்கு மேல் இருந்தால் சிவப்பு, மஞ்சள், நீலம் ஒயர்கள் அந்தந்த நிறத்திலேயே தெரியும்; மட்டமான லைட்டில் சிவப்பும் பழுப்பும் ஒன்றுபோல இருக்கும், த்ரீ ஃபேஸில் அது விளையாட்டில்லை.

பேட்டரி கழற்றி மாற்றுகிற மாதிரி, 18650 என்கிற லித்தியம் செல் போடுவதாக இருக்கட்டும். அந்த அளவு செல்லில் கொள்ளளவு 3500 எம்ஏஎச் வந்தாலே பெரிது, 9900 என்று அச்சடித்து விற்பதெல்லாம் சும்மா.

அப்புறம் அடியில் காந்தம். இரும்புப் பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு இரண்டு கையாலும் வேலை பார்க்கலாம். தண்ணீர் புகாத தரக்குறியீடு ஐபிஎக்ஸ்7 என்றால் ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். கிணற்றில் விழுந்தால் கணக்கு வேறு, கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.