உட்கார்ந்தால் மரியாதை குறையுமா?

வணக்கம் ஐயா,

துணிக்கடைகளில் வேலை பார்க்கும் பெண்களுக்கு உட்கார இடம் வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். நானும் ஒரு சிறிய ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். ஆறு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒன்றாம் தேதி சம்பளம் தவறியதில்லை. தீபாவளிக்கு போனஸ், புடவை, வீட்டில் விசேஷம் என்றால் கைமாற்று எல்லாம் உண்டு. சட்டம் வந்ததும் இரண்டு ஸ்டூல் வாங்கிப் போட்டேன். ஆனால் வாடிக்கையாளர் நுழையும்போது வேலைக்கு நிற்கும் பெண் உட்கார்ந்திருந்தால் கடைக்கு மரியாதையாக இல்லை. ஒரு அம்மா என்னிடமே வந்து சொல்லிவிட்டுப் போனார். ஸ்டூல்கள் இப்போது குடோனில் இருக்கின்றன. வந்தவரை நின்று வரவேற்பதுதானே நம் பண்பாடு? அந்தப் பெண்களும் இதுவரை என்னிடம் எதுவும் கேட்டதில்லை. கண்ணியம், சுயமரியாதை என்று பெரிய வார்த்தைகளாக எழுதுகிறீர்கள். ஏழைக்குச் சம்பளம்தான் கண்ணியம் என்பது என் எண்ணம். தவறென்றால் சொல்லுங்கள்.

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள நண்பருக்கு,

ஸ்டூல்கள் குடோனுக்குப் போன கதையை மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேர்மைக்காகவே விரிவாகப் பதில் சொல்ல நினைக்கிறேன். ஒன்றாம் தேதி சம்பளம் கொடுக்கும் முதலாளி எவ்வளவு அரிது என்று எனக்குத் தெரியும். அதை ஒருபோதும் குறைத்துப் பேச மாட்டேன்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்க்கும் மசோதா 2021 செப்டம்பரில் சட்டமன்றத்துக்கு வந்தது. எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைக்கும்போது அவர்கள் உட்கார முடிய வேண்டும். அது கேட்பது இவ்வளவுதான். வாடிக்கையாளருக்கு உட்கார்ந்தபடியே புடவை எடுத்துக் காட்டுங்கள் என்று அதில் இல்லை. ஆகவே நீங்கள் சொல்லும் பண்பாட்டுக்கும் சட்டத்துக்கும் சண்டையே கிடையாது. விருந்தாளி வந்தால் எழுந்து வாங்க என்கிறோம், சரி. மதியம் மூன்று மணிக்கு, கடையில் ஒரு ஆள்கூட இல்லாதபோது, அந்த ஆறு பெண்களும் நின்று யாரை வரவேற்கிறார்கள்?

நாள் முழுக்க நின்றால் கால் வீங்கும், நரம்பு சுருட்டிக்கொள்ளும். இது உங்களுக்கும் தெரியும். ஆனால் என் வாதம் கால்வலியைப் பற்றி மட்டும் இல்லை. நாற்று நடுகிற பெண்ணுக்கும் இடுப்பு ஒடிகிறது. அந்த வலியால் ஒரு வேலை நடக்கிறது, வயல் நிறைகிறது. ஆள் இல்லாத கடையில் நிற்பதால் எந்த வேலையும் நடக்கவில்லை. ஒரு புடவைகூட அதனால் கூடுதலாக விற்பதில்லை. அவர் நிற்பது பார்க்கிறவர் கண்ணுக்காக மட்டும். தான் மேலே, எதிரில் இருப்பவர் கீழே என்று இன்னொருவர் உணர்வதற்காக ஒரு பெண்ணின் உடம்பை விறைப்பாக நிறுத்தி வைக்கிறோம். நீங்கள் கொடுக்கும் சம்பளம் அவருடைய உழைப்புக்கு. இதற்கு விலை போட முடியாது.

சம்பளம்தான் கண்ணியம் என்கிறீர்கள். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியிலிருந்து ஒரு படம் வெளியானது, நினைவிருக்கும். ஊராட்சிக் கூட்டம். மற்றவர்கள் நாற்காலியில். பட்டியல் சாதியைச் சேர்ந்த ஊராட்சித் தலைவர், ஒரு பெண், தரையில். அவர் மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த தலைவர். பதவி இருந்தது, அதிகாரம் தாளில் இருந்தது. நாற்காலி மட்டும் கொடுக்கப்படவில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. உங்கள் கடையும் அதுவும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, தயவுசெய்து அப்படி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனால் யார் உட்காரலாம், யார் நிற்க வேண்டும் என்பதை வைத்தே ஆளை எடைபோடும் பழக்கம் இந்த மண்ணில் ஆழமாக ஊறியிருக்கிறது. பண்ணையார் வீட்டுத் திண்ணைக்கு முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று நம் கடைகளில் வேலைக்கு வருகிறார்கள். அவர்கள் உட்காரும்போது நமக்கு ஏன் உறுத்துகிறது என்று நாம்தான் நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம், "இதுவரை கேட்டதில்லை" என்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் பாதித்த வரி அதுதான்.

கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் தையல் வேலை செய்த விஜி என்ற பெண், கடைகளில் வேலை பார்க்கும் பெண்களைச் சேர்த்து 'பெண்கூட்டு' என்ற அமைப்பைத் தொடங்கினார். முதலில் அவர்கள் கேட்டது நாற்காலிகூட இல்லை, கழிப்பறை. போக இடம் இல்லாததால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்த பெண்கள் அவர்கள். அதற்குப் பிறகுதான் உட்காரும் உரிமை கேட்டு 'இரிக்கல் சமரம்' என்ற உட்காரும் போராட்டம் வந்தது. 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு பெரிய சேலைக்கடையில், சங்கம் சேர்ந்த ஆறு பெண்கள்மேல் நிர்வாகம் நடவடிக்கை எடுத்தது. அவர்கள் நூறு நாளுக்கு மேல் போராடினார்கள். 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. தமிழ்நாட்டுச் சட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். பிரிட்டனில் கடைப் பெண்களுக்காக 1899லேயே சட்டம் போட்டார்கள், மூன்று பேருக்கு ஓர் இருக்கையாவது வேண்டும் என்று. நமக்கு அது வந்துசேர நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

ஆக, ஒரு ஸ்டூலைக் கேட்க நூறு நாள் போராட வேண்டியிருந்த உலகத்தில், கைமாற்று வாங்கியிருக்கும் ஒரு பெண் உங்களிடம் வந்து "அண்ணே, கொஞ்சம் உட்காரட்டுமா" என்று எப்படிக் கேட்பார்? வாய் மூடியிருப்பதை மனநிறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் நல்லவர் என்பதாலேயே அவருக்குக் கேட்பது இன்னும் கடினம்.

உங்களிடம் குறை சொன்ன அந்த அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அவரை மட்டும் குறை சொல்லி என்ன பயன்? ஆடித் தள்ளுபடியில் ரங்கநாதன் தெருவில் நின்று பாருங்கள். "ஏம்மா, அதை எடு, இதை விரி" என்று முப்பது நாற்பது புடவையை விரிக்கச் சொல்லிவிட்டு, விரித்தவர் முகத்தை ஒருதரம்கூடப் பார்க்காமல் அடுத்த கடைக்குப் போகிறோம். அந்தக் குவியலை மடித்து ரேக்கில் வைத்து முடிப்பதற்குள் அடுத்த கூட்டம் வந்துவிடும். வாங்குகிற நாம் மாறாமல் முதலாளியை மட்டும் மாறச் சொல்வது நியாயம் இல்லை. இதைப் படிக்கும் மற்ற வாசகர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

இனி, என்ன செய்யலாம் என்று சொல்கிறேன். ஸ்டூல்களை வெளியே எடுங்கள். ஆறு பேருக்கு இரண்டு போதாது, இன்னும் நான்கு வாங்குங்கள், சாய்மானம் உள்ளதாக. தூணுக்குப் பின்னால் ஒளித்து வைக்க வேண்டாம், அவரவர் ரேக் பக்கத்திலேயே போடுங்கள். போட்டால் மட்டும் போதாது. "ஆள் இல்லாதப்ப உட்காருங்க, யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்க" என்று உங்கள் வாயால், எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாதவரை யாரும் உட்கார மாட்டார்கள். நீங்களும் கல்லாவில் உட்கார்ந்துதானே வருகிறவர்களை வாங்க என்கிறீர்கள்? அதனால் கடைக்கு மரியாதை குறைந்தது என்று இதுவரை எந்த வாடிக்கையாளரும் சொல்லியிருக்க மாட்டார்.

அந்த அம்மா மறுபடி வந்து கேட்டால், "காலையிலேர்ந்து நிக்கிறாங்கம்மா, நான்தான் உட்காரச் சொன்னேன்" என்று சொல்லுங்கள். நீங்கள் பொறுப்பேற்றுக்கொண்டால் அந்தப் பெண்கள்மேல் பழி வராது. பெரும்பாலானவர்கள் இந்தப் பதிலோடு விட்டுவிடுவார்கள். ஓரிருவர் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போகவும் கூடும். அந்த நஷ்டத்தைத் தாங்குங்கள் என்றே கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தில் கழிப்பறையைப் பற்றி எதுவும் இல்லை. கடையில் பெண்களுக்கென்று தனியாக ஒன்று இருக்கிறதா, கேட்காமலேயே போய்வர முடிகிறதா? இதை நீங்கள் நேராகக் கேட்டால் சொல்லக் கூச்சப்படுவார்கள். வீட்டம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள். என்ன சொன்னார்கள் என்று எனக்கும் எழுதுங்கள்.