மார்மன் போதனையும் வேதாகமமும்: சீட்டில் வந்த கேள்விகளுக்குப் பதில்

வேதபாட வகுப்பில் மார்மன் சபையைப் பற்றிப் பேசிய அன்று நேரம் போதவில்லை. சீட்டில் எழுதித் தந்த கேள்விகளை வீட்டுக்கு எடுத்துவந்து ஒவ்வொன்றாகப் பதில் எழுதியிருக்கிறேன். நான் சீர்திருத்தச் சபைக்காரன், அதை மறைக்கவில்லை. ஆனால் மார்மன்களின் நூல்களை அவர்கள் கையிலிருந்தே வாங்கி முழுக்கப் படித்தவன். அவர்கள் சொல்லாததை அவர்கள் தலையில் கட்டினால் எனக்குக் கோபம் வரும்.

கேள்வி: சபையின் பெயரிலேயே இயேசு கிறிஸ்து இருக்கிறார். பிறகு ஏன் அவர்களைக் கிறிஸ்தவர்கள் அல்ல என்கிறார்கள்?

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை என்பதே முழுப் பெயர். மார்மன் என்ற செல்லப்பெயரை விடுங்கள் என்று அவர்களுடைய அப்போதைய தலைவர் ரசல் நெல்சன் 2018இல் கேட்டுக்கொண்டார். படிப்பவர்களுக்குப் புரியவேண்டும் என்பதற்காக மட்டுமே நான் பழைய பெயரை எழுதுகிறேன்.

2001இல் ரோமில் ஒரு தீர்ப்பு வந்தது: மார்மன் சபையில் பெற்ற ஞானஸ்நானம் கத்தோலிக்கத் திருச்சபைக்குச் செல்லாது. இத்தனைக்கும் மார்மன்கள் தண்ணீரில் முழுக்குகிறார்கள். பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என்ற நாமங்களைச் சொல்லியே முழுக்குகிறார்கள். லூத்தரன்களின் ஞானஸ்நானத்தை ஏற்கும் ரோமாபுரி இதை ஏன் மறுத்தது? சொல் ஒன்றுதான், பொருள் வேறு என்பதால். பிதா என்றால் நமக்குத் தொடக்கமே இல்லாத சிருஷ்டிகர். அவர்களுக்கு உடலுள்ள, உயர்வு பெற்ற ஒருவர். குமாரன் நமக்குச் சிருஷ்டிக்கப்படாதவர். அவர்களுக்கு ஆவியுலகில் நம் எல்லாருக்கும் மூத்த அண்ணன். இந்த ஒரு வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் மற்றக் கேள்விகளில் பாதி தானே அவிழும். அவர்கள் இயேசுவை நேசிக்கிறார்களா என்பது வேறு கேள்வி. நேசிக்கிறார்கள். நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: “இதோடு ஒன்றையும் கூட்டக்கூடாது” என்று வெளிப்படுத்தல் 22:18 சொல்கிறது. மார்மன் புத்தகத்தை மறுக்க அந்த ஒரு வசனம் போதாதா?

போதாது. தயவுசெய்து அதை எடுக்காதீர்கள். அந்த எச்சரிக்கை வெளிப்படுத்தின விசேஷம் என்ற அந்தச் சுருளைப் பற்றியது. இதே போன்ற எச்சரிக்கை உபாகமம் 4:2இலும் இருக்கிறது. உங்கள் வாதப்படி பார்த்தால் மோசேக்குப் பிறகு வந்த சங்கீதமும் ஏசாயாவும் நான்கு சுவிசேஷங்களும் தள்ளுபடி ஆகிவிடும். பத்தொன்பது வயது மார்மன் ஊழியக்காரப் பையனுக்குக்கூட இதற்குப் பதில் தெரியும்.

கலாத்தியர் 1:8இல் வரும் “வானத்திலிருந்து வருகிற ஒரு தூதன்” அதைவிட வலுவானது. 1823இல் மரோனி என்ற தூதன் தோன்றித் தங்கத் தகடுகளைப் பற்றிச் சொன்னதாகத்தான் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் கூறினார். அந்தத் தகடுகளிலிருந்து பெயர்த்ததே மார்மன் புத்தகம் என்பது அவருடைய கூற்று. ஆனால் அங்கேயும் பவுலின் அளவுகோல் தூதன் அல்ல, “வேறொரு சுவிசேஷம்” என்பதே. ஆகவே, சொல்லப்பட்டது வேறு சுவிசேஷமா என்று பார்த்துத்தான் ஆகவேண்டும். குறுக்குவழி கிடையாது.

கேள்வி: பிதாவுக்கு மாம்சமும் எலும்பும் உண்டு என்பது எங்கே எழுதியிருக்கிறது?

“கோட்பாடும் உடன்படிக்கைகளும்” என்ற அவர்களுடைய வேதநூலில், 130ஆம் பிரிவு, 22ஆம் வசனம். 1843இல் சொன்னது.

இதற்கு எதிராக யோவான் 4:24ஐ எல்லாரும் எடுப்பார்கள்: “தேவன் ஆவியாயிருக்கிறார்.” மனிதனும் ஆவிதான், உடலும் வைத்திருக்கிறானே என்பார்கள் அவர்கள். அதனால் லூக்கா 24:39ஐயும் சேர்த்துப் படியுங்கள். உயிர்த்தெழுந்த இயேசு, தமக்கு இருப்பதுபோல மாம்சமும் எலும்புகளும் ஓர் ஆவிக்கு இராது என்கிறார். இரண்டு வசனங்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் வழி குறுகிவிடுகிறது.

மோசேயோடு கர்த்தர் முகமுகமாய்ப் பேசினார் என்று யாத்திராகமம் 33:11ஐ அவர்கள் காட்டுவார்கள். அதே அதிகாரத்தின் 20ஆம் வசனம், என்னைக் கண்டு ஒரு மனிதனும் உயிரோடிருக்க முடியாது என்கிறது. ஒரே அதிகாரத்தில் இரண்டும் இருப்பதால் முதலாவது நெருக்கத்தைக் குறிக்கும் வழக்கு என்று கொள்கிறோம். சங்கீதம் 91 தேவனுக்குச் சிறகு உண்டு என்கிறது. அதை எந்த மார்மனும் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை.

கேள்வி: ஆதியாகமம் 1:1இல் தேவனைக் குறிக்கும் எலோகீம் என்ற எபிரேயச் சொல் பன்மை. “தேவர்கள்” என்றுதானே மொழிபெயர்க்கவேண்டும் என்று ஒருவர் கேட்டார்.

ஸ்மித்தும் அப்படித்தான் கேட்டார். 1836இல் ஒஹாயோவின் கர்ட்லண்டில் எபிரேய ஆசிரியர் ஒருவரிடம் பாடம் படித்தார். பின்னர் 1842இல் வெளிவந்த ஆபிரகாமின் புத்தகத்தில் சிருஷ்டிப்பைச் செய்கிறவர்கள் “தேவர்கள்” ஆகிவிடுகிறார்கள்.

ஆனால் அந்த எபிரேய வசனத்தில் பெயர் பன்மை வடிவம், வினையோ ஒருமை: “சிருஷ்டித்தான்” என்பதுபோல. நம் மொழியில் நடப்பது இதற்கு நேர் தலைகீழ். “தேவன்” என்று பெயர் ஒருமையில் நிற்கிறது, “சிருஷ்டித்தார்” என்று வினை மரியாதைப் பன்மைக்குப் போகிறது. “அப்பா வந்தார்” என்று கேட்டு, வந்தவர்கள் எத்தனை பேர் என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் எண்ணுவதில்லை. எண்ணிக்கைக்கும் இலக்கண வடிவத்துக்கும் இடையே உள்ள இடைவெளியை விளக்க நம்மைவிட வசதியான மொழிக்காரர்கள் குறைவு.

ஆபிரகாமின் புத்தகத்தைப் பற்றி ஒரு சொல். 1835இல் விலைக்கு வாங்கிய எகிப்தியப் பாப்பிரஸ் சுருள்களிலிருந்து பெயர்த்ததாக ஸ்மித் சொன்னார். அவற்றின் துண்டுகள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலிருந்து 1967இல் சபைக்குத் திரும்பின. வல்லுநர்கள் படித்துப் பார்த்தால் அவை எகிப்தியர் பிணத்தோடு வைக்கும் சடங்கு நூல்கள். ஆபிரகாம் அங்கே இல்லை. அந்தத் துண்டுகளின் எழுத்துகள் ஸ்மித்தின் உரையோடு பொருந்தவில்லை என்பதைச் சபையே 2014இல் எழுத்தில் ஒப்புக்கொண்டது. இழந்துபோன வேறு சுருள் இருந்திருக்கலாம், அல்லது பாப்பிரஸ் வெறும் தூண்டுகோலாக இருந்திருக்கலாம் என்பவை இப்போதைய விளக்கங்கள்.

கேள்வி: மனிதன் தேவனாக முடியும் என்று உண்மையிலேயே போதிக்கிறார்களா, அல்லது எதிரிகள் கட்டிய கதையா?

கதை அல்ல. 1844 ஏப்ரல் 7 அன்று, இல்லினாயின் நாவூ ஊரில், கிணற்று விபத்தில் இறந்த கிங் ஃபாலெட் என்பவரை நினைவுகூர்ந்து ஸ்மித் ஒரு பிரசங்கம் செய்தார். தேவன் ஆதிமுதல் தேவனாகவே இருந்தார் என்று நாம் நினைத்துவந்தோம், அந்தத் திரையை விலக்குகிறேன் என்றார். தேவன் ஒருகாலத்தில் நம்மைப்போல் இருந்தார், நீங்களும் தேவர்களாகக் கற்றுக்கொள்ளவேண்டும் என்றார். மூன்று மாதம் முடியுமுன், ஜூன் 27 அன்று, கார்த்தேஜ் சிறையில் கும்பல் அவரைச் சுட்டுக் கொன்றது. பிரசங்கம் வேதநூலில் சேரவில்லை என்று இன்றைய மார்மன்கள் சொல்வது சரியே. ஆனால் “அப்போது அவர்கள் தேவர்களாயிருப்பார்கள்” என்ற கருத்து கோட்பாடும் உடன்படிக்கைகளும் 132இல் இருக்கிறது. அது வேதநூல்.

“நீங்கள் தேவர்கள்” என்ற சங்கீதம் 82:6ஐக் காட்டுவார்கள். அடுத்த வசனத்தையும் படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் மனிதரைப்போலச் செத்துப்போவார்கள் என்று அநியாய நியாயாதிபதிகளை அங்கே கண்டிக்கிறார் ஆண்டவர். 2 பேதுரு 1:4இல் திவ்விய சுபாவத்துக்குப் பங்காளிகள் என்று வருவது கனமான வசனம்தான். கீழைத் திருச்சபைப் பிதாக்கள் அதை வைத்து நிறைய எழுதினார்கள். அவர்களுடைய உவமை நெருப்பில் இட்ட இரும்பு. இரும்பு சிவக்கும், சுடும், ஆனால் நெருப்பாகிவிடாது. மார்மன் போதனையில் இரும்பும் நெருப்பும் முதலிலிருந்தே ஒரே பொருள். வித்தியாசம் வளர்ச்சியில் மட்டுமே. ஏசாயா 43:10 இந்த இடத்தில் கதவை அடைக்கிறது: “எனக்குமுன் ஏற்பட்ட தேவன் இல்லை, எனக்குப்பின் இருப்பதும் இல்லை.”

இனி, பலர் கவனிக்காத ஒன்று. மார்மன் புத்தகம் இந்த விஷயத்தில் ஸ்மித்தின் பக்கம் இல்லை, ஏசாயாவின் பக்கம் இருக்கிறது! ஒன்றுக்கு மேற்பட்ட தேவன் உண்டா என்ற கேள்விக்கு ஆல்மா 11இல் வரும் பதில், “இல்லை.” நூலின் முகப்பில் அச்சிடும், தகடுகளைக் கண்டதாகச் சொன்ன மூன்று சாட்சிகளின் அறிக்கை, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி ஒரே தேவன் என்று முடிகிறது. 1830ஆம் ஆண்டின் முதல் பதிப்பில் மரியாளைத் “தேவனுடைய தாய்” என்றே அச்சிட்டிருந்தார்கள். 1837இல் அது “தேவகுமாரனுடைய தாய்” என்று மாறியது. பல தேவர்கள், நித்தியத் திருமணம், மரித்தோருக்கான ஞானஸ்நானம், மூன்று மகிமைகள் எதுவும் மார்மன் புத்தகத்தில் கிடையாது. எல்லாம் பின்னால் வந்தவை. 1830இன் ஸ்மித்துக்கும் 1844இன் ஸ்மித்துக்கும் உள்ள தூரம்தான், என் கணக்கில், இந்தப் பாடத்தின் மையம்.

கேள்வி: வேதாகமம் கெட்டுப்போய்விட்டது என்கிறார்களே?

முழுக்கக் கெட்டது என்று சொல்வதில்லை. “சரியாக மொழிபெயர்க்கப்பட்ட அளவுக்கு” அது தேவனுடைய வார்த்தை என்கிறது அவர்களுடைய எட்டாம் விசுவாசப் பிரமாணம். ஆனால் தெளிவான, அருமையான பகுதிகள் நீக்கப்பட்டன என்று மார்மன் புத்தகத்தின் 1 நேபி 13 சொல்கிறது. நீக்கினால் தடயம் இருக்கவேண்டும். 1947இல் சாக்கடல் குகையில் கிடைத்த ஏசாயா சுருள் கிறிஸ்துவுக்கு நூறாண்டுக்கு முந்தையது. எழுத்துக்கூட்டிலும் சொல்லிலும் சிறு வேறுபாடுகள் ஏராளம். அந்த மாதிரி விடுபட்ட போதனை எதுவும் அதில் இல்லை.

ஸ்மித் தாமே வேதாகமத்தைத் திருத்தியும் எழுதினார். ஆதியாகமம் 50இல் அவர் சேர்த்த பகுதியில், கடைசிக் காலத்தில் ஒரு ஞானதிருஷ்டிக்காரன் எழும்புவான், அவன் பெயரும் அவன் தகப்பன் பெயரும் யோசேப்பு என்று வருகிறது. ஜோசப் ஸ்மித்தின் தகப்பனார் பெயரும் ஜோசப். இதற்கு உரை எழுத எனக்கு மனமில்லை.

கேள்வி: மரித்தவர்களுக்காக ஞானஸ்நானம் பெறுவதைப் பவுலே சொல்லியிருக்கிறாரே (1 கொரிந்தியர் 15:29)?

சொல்லியிருக்கிறார், வசனம் கடினமானதுதான். ஆனால் அவர் அதைக் கட்டளையாகச் சொல்லவில்லை. உயிர்த்தெழுதல் இல்லையென்றால் அப்படிப் “பெறுகிறவர்கள்” என்ன செய்வார்கள் என்று படர்க்கையில் கேட்டுவிட்டு, அடுத்த வசனத்தில் “நாங்களும்” என்று தம் பக்கம் திரும்புகிறார். நம் பழைய மொழிபெயர்ப்பிலேயே இந்த மாற்றம் தெரியும். இன்னொன்று, இம்மைதான் தேவனைச் சந்திக்க ஆயத்தப்படும் காலம், இரவு வந்தபின் வேலை நடக்காது என்று அழுத்திச் சொல்வது ஆல்மா 34. அவர்களுடைய நூல்தான்.

இந்த ஞானஸ்நானத்துக்காக முன்னோரின் பெயர் தேடி அவர்கள் சேர்த்த வம்ச ஆவணங்களால் உலகமெங்கும் குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் பயன்பெறுகிறார்கள். அதற்கு நன்றி சொல்வதில் எனக்குத் தயக்கமில்லை.

கேள்வி: மறுமையில் மகிமையின் மூன்று படிகள், அதாவது மூன்று பரலோகங்கள் உண்டு என்கிறார்களே?

1 கொரிந்தியர் 15:40இல் வானத்துக்குரிய மேனி, பூமிக்குரிய மேனி என்று இரண்டுதான் உண்டு. பவுல் பேசுவது உயிர்த்தெழும் சரீரத்தைப் பற்றி. மூன்றாவது மகிமைக்கு ஸ்மித் 1832இல் புதிதாக ஒரு சொல்லையே உண்டாக்கினார்.

கேள்வி: கணவனும் மனைவியும் மறுமையிலும் சேர்ந்திருப்பார்கள் என்பது எவ்வளவு ஆறுதல்! என் கணவர் போய் ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதில் என்ன தவறு?

அம்மா, உங்கள் ஆசையில் தவறே இல்லை. “உயிர்த்தெழுதலில் கொள்வனையும் கொடுப்பனையும் இல்லை” என்று மத்தேயு 22:30இல் ஆண்டவர் சொன்னது, ஏழு சகோதரரை மணந்த பெண் யாருக்குச் சொந்தம் என்று கேலியாகக் கேட்ட சதுசேயருக்கு. அங்கே மணவினை நடக்காது, அதனால்தான் திருமணம் மறுமையிலும் நிலைக்கும்படி இங்கேயே ஆலயச் சடங்கில் அதை முத்திரையிடுகிறோம் என்பது மார்மன் விளக்கம். ஆனால் சதுசேயர் கேட்டது இங்கேயே நடந்து முடிந்த திருமணங்களைப் பற்றி. உங்கள் கணவரை அங்கே அடையாளம் தெரியாமல் போகும் என்று மட்டும் அந்த வசனம் சொல்லவில்லை.

கேள்வி: பலதார மணம்?

1890இல் கைவிடுவதாக அறிவித்தார்கள். இன்று செய்தால் சபையிலிருந்து நீக்கம். வேடிக்கை என்னவென்றால், தாவீதும் சாலொமோனும் பல மனைவிகளை வைத்தது அருவருப்பு என்கிறது மார்மன் புத்தகத்தின் யாக்கோபு 2. உரியாவின் மனைவி விஷயம் தவிர தாவீதின்மேல் குற்றமில்லை என்கிறது பின்னால் வந்த 132ஆம் பிரிவு.

கேள்வி: காபி குடிக்கக் கூடாதாமே! (கும்பகோணத்துக்காரன் கேட்கிறேன்.)

1833இன் வெளிப்பாட்டில் “சூடான பானங்கள்” என்று இருக்கிறது. அதைத் தேநீர், காபி என்று சபை விளக்குகிறது. மதுவும் புகையிலையும் கூடாது. உடல்நலத்துக்கு நல்ல பழக்கம். ஆனால் அதை ஆலயத்தில் நுழையும் தகுதியாக்கும்போது, போஜனத்தையும் பானத்தையும் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருக்கட்டும் என்ற கொலோசெயர் 2:16 குறுக்கே நிற்கிறது. நீங்கள் டிகிரி காபியைத் தொடரலாம்.

கேள்வி: இரட்சிப்பு கிருபையாலா, கிரியையாலா? இதில் என்ன வேறுபாடு?

“நம்மால் ஆனதெல்லாம் செய்தபின் கிருபையினால் இரட்சிக்கப்படுகிறோம்” என்பது 2 நேபி 25:23. “இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு” என்பது எபேசியர் 2:8. முன்னதில் கிருபை கடைசிப் படி, பின்னதில் அதுவே அஸ்திவாரம். மார்மன் போதகர்கள் பலர் அண்மைக்காலமாகக் கிருபையை அழுத்திப் பேசுகிறார்கள், மகிழ்ச்சி. இருந்தாலும் உயிர்த்தெழுதல் எல்லாருக்கும் இலவசம், பிதாவின் முன்னிலையில் மேன்மை பெறுவதற்கு ஆலயச் சடங்குகள் வேண்டும் என்ற இரண்டு அடுக்கு அப்படியே இருக்கிறது. சிலுவையில் தொங்கிய கள்ளனுக்கு எந்தச் சடங்குக்கும் நேரமில்லை.

கேள்வி: பெயர்ப்பட்டை குத்திய இரண்டு பையன்கள் வந்தார்கள். புத்தகத்தைப் படித்து ஜெபம் செய்யுங்கள், உள்ளத்தில் அனல் உணர்வீர்கள் என்றார்கள். என்ன செய்வது?

மார்மன் புத்தகத்தின் மரோனி 10:4ஐச் சொல்லியிருப்பார்கள். ஜெபம் செய்யலாம். ஆனால் பெரோயா பட்டணத்தார் உள்ளத்து அனலைத் தேடவில்லை. பவுல் சொன்னது அப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள் (அப்போஸ்தலர் 17:11). அனல் எனக்கு நல்ல பாட்டைக் கேட்டாலும் வருகிறது.

கதவைச் சாத்தாதீர்கள். வீட்டை விட்டுத் தூர தேசம் வந்த பிள்ளைகள். உட்காரவைத்துக் குடிக்கத் தண்ணீர் கொடுங்கள், காபி வேண்டாம். பலதார மணம், தங்கத் தகடு என்று தொடங்கினால் மனப்பாடப் பதில்தான் வரும். ஒரே கேள்வி கேளுங்கள்: “தம்பி, பரலோகப் பிதா தேவனாக இல்லாத ஒரு காலம் இருந்ததா?” அவர்கள் தயங்கினால், அவர்கள் கையிலுள்ள மார்மன் புத்தகத்திலேயே மரோனி 8:18ஐத் திறந்து சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். தேவன் நித்தியத்திலிருந்து நித்தியம் வரை மாறாதவர் என்று அங்கே எழுதியிருக்கிறது.