சிவனொளிபாத மலைக்கு ஏன் இருட்டிலேயே ஏறத் தொடங்குகிறார்கள்?

விடிகாலை மலையேற்றம் என்பது, இருட்டிலேயே ஏறத் தொடங்கி, சூரியன் உதிக்கும்போது உச்சியில் இருந்து, வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடும்படி நேரத்தை வகுத்துக்கொள்வதாகும். இலங்கையில் 2,243 மீட்டர் உயரமுள்ள சிவனொளிபாத மலைக்கு, அடிவார ஊரான நல்லதண்ணி வழியாகச் செல்வோர் பலர் அதிகாலை 2 மணியளவில் புறப்படுவது உதயத்தைக் காண்பதற்காக மட்டுமன்று.

இரவில் தரை குளிர்வதால் குளிர்ந்த காற்று சரிவுகளில் இறங்கிப் பள்ளத்தாக்குகளில் தங்குகிறது. பொழுது ஏறியதும் சூடேறிய ஈரக்காற்று அதே சரிவுகளைப் பற்றி மேலெழுந்து, உயரத்தில் குளிர்ந்து மேகமாகி, சில நாட்களில் பிற்பகல் இடிமழையாகவும் முடிகிறது. கொதிக்கும் சோற்றுப்பானையின் ஆவி மூடியில் பட்டுத் துளியாவதும் ஏறத்தாழ இதைப் போன்றதே. மலையில் மூடி இல்லை, காற்று மேலே செல்லச் செல்ல விரிந்து தானாகவே குளிர்கிறது.

டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கும் யாத்திரைக் காலம் மே மாத வெசாக் பௌர்ணமியோடு முடிவதும் பொருத்தமானதே; அதன்பின் தென்மேற்குப் பருவக்காற்று அம்மலையின் மேற்குச் சரிவுகளில் நேராக மோதுகிறது. பகல் மேகங்களுக்கு அஞ்சி இரவில் மிக முன்னதாக ஏறிவிடுவதும் நல்லதன்று: வியர்வையில் நனைந்த சட்டையை மாற்றாமல் உச்சிக் காற்றில் காத்திருந்தால் பற்கள் தந்தியடிக்கும்.

விடியலில் வானம் தெளிவாக இருந்தால் பகல் முழுவதும் அவ்வாறே இருக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால் தடையின்றி விழும் அந்த வெயிலே சரிவுகளைச் சூடாக்கிப் பிற்பகல் மேகங்களை எழுப்புகிறது.