கீழ்ப்படிதல் யாருக்குச் சொல்லப்பட்டது?

கேள்வி: நான் ஆராதனையைத் தவறவிடாத விசுவாசி. பெண்ணுரிமை பேசுவது விசுவாசத்துக்கு விரோதமானது என்று சபை மூப்பர்கள், மனைவிகளைக் கணவருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 5:22-ஐ எடுத்துக்காட்டுகிறார்கள். வேதாகமத்தை நம்பிக்கொண்டு சமத்துவம் பேச முடியாது என்கிறார்கள் என் தோழிகள். அடுத்த வேதபாடமும் அந்தப் பகுதிதான். இரண்டில் ஒன்றை நான் விட்டாக வேண்டுமா?
– ஒரு வாசகி

பதில்: எதையும் விட வேண்டியதில்லை என்பதே என் உறுதியான எண்ணம். இந்த வழக்கு பெண்ணியத்துக்குள்ளேயே பழையது. அமெரிக்காவில் பெண்ணுரிமைப் போராளி எலிசபெத் கேடி ஸ்டான்டன், பெண்களைத் தாழ்த்துவதாகத் தாம் கருதிய வேதப் பகுதிகளைக் கண்டித்து 1895-இல் ஒரு விளக்கநூலை வெளியிட்டபோது, அவர் முன்பு தலைமை வகித்த பெண்கள் வாக்குரிமைச் சங்கமே மறு ஆண்டில் அந்நூலோடு தனக்குத் தொடர்பில்லை என்று தீர்மானம் போட்டது. ஆனால் அதற்கு அரை நூற்றாண்டுக்கும் முன்பு, 1838-இல், குவேக்கர் என்னும் கிறிஸ்தவப் பிரிவின் விசுவாசியான சாரா கிரிம்கே அதே வேதாகமத்தைக் கொண்டே ஆணும் பெண்ணும் சமம் என்று வாதாடியிருந்தார். பெண்களுக்குக் கிரேக்கமும் எபிரெயமும் கற்கும் வாய்ப்புக் கிடைக்கும்போது வேறு வாசிப்புகள் வெளிப்படும் என்றும் அவர் எழுதினார்.

அவர் சொன்னது வெறும் ஆசை அல்ல. ரோமர் 16:7-இல் பவுல் ‘அப்போஸ்தலருக்குள் பெயர்பெற்றவர்கள்’ என்று வாழ்த்தும் இருவரில் ஒருவர் யூனியா. 4-ஆம் நூற்றாண்டில் பிறந்த திருச்சபைப் போதகர் கிறிசோஸ்தோம் அவரைப் பெண் என்றே அறிந்து வியந்து போற்றினார்; பிற்காலத்தாரோ, பெண் எப்படி அப்போஸ்தலராக இருக்க முடியும் என்று எண்ணி, அந்தப் பெயரை ஆண் பெயராக்கிவிட்டார்கள். (இதை முதன்முதலில் அறிந்தபோது எனக்கு உண்டான வேதனை இன்னும் தணியவில்லை.) ஆதியாகமம் 2:18-இல் பெண்ணைக் குறிக்கும் ‘துணை’ என்பதன் எபிரெயச் சொல்லே, 121-ஆம் சங்கீதத்தில் கர்த்தரிடமிருந்து வரும் ‘ஒத்தாசை’யையும் குறிக்கிறது. கர்த்தரின் ஒத்தாசையைப் பணிவிடை என்று யாரும் பொருள் கொள்வதில்லை.

மூப்பர்கள் காட்டும் வசனத்துக்கு வருவோம். ‘மனைவிகளே... கீழ்ப்படியுங்கள்’ என்பதற்கு முந்தைய வசனம், ‘தெய்வபயத்தோடே ஒருவருக்கொருவர் கீழ்ப்படிந்திருங்கள்’ என்று எல்லாரையும் பார்த்துச் சொல்கிறது. மிகப் பழைய கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகள் சிலவற்றில் 22-ஆம் வசனத்துக்குத் தனி வினைச்சொல்லே இல்லை. 21-இல் உள்ள வினையே அங்கும் தொடர்கிறது. ஆகவே, முந்தைய வசனத்தை வெட்டிவிட்டுப் பிந்தையதை மட்டும் வாசிப்பது, வாக்கியத்தின் பாதியை வாசிப்பதாகும்.

எல்லா வசனங்களும் இப்படி எளிதில் திறந்துகொள்ளும் என்று உங்களை ஏமாற்ற மாட்டேன். பெண் உபதேசம் பண்ணுவதைத் தடுக்கும் 1 தீமோத்தேயு 2:12 கடினமானதுதான். தீமோத்தேயு இருந்த சபையின் அன்றைய சிக்கலுக்கான அறிவுரை அது என்பாரும், எல்லாக் காலத்துக்குமான கட்டளை என்பாரும் உண்டு. பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் 1 கொரிந்தியர் 11:5 இயல்பாகவே ஏற்றுக்கொள்வதால், நான் முதல் தரப்போடு நிற்கிறேன்.

வேதபாடத்தில் வாக்குவாதம் செய்ய வேண்டாம். அந்தப் பகுதியை 21-ஆம் வசனத்திலிருந்து வாசிக்கும்படியும், தம்மையே ஒப்புக்கொடுக்கும் அன்பைக் கணவர்களிடம் கேட்கும் 25-ஆம் வசனத்துக்கு முன் நிறுத்தாதிருக்கும்படியும் மட்டும் கேளுங்கள்.